இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதானா? பென் ஷானின் சாக்கோ, வான்செட்டி ஓவியம் பற்றி

மே 6 (வாசகர் கேள்வி)

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும், அமெரிக்க ஓவியர் பென் ஷானின் ‘பார்த்தலோமியோ வான்செட்டியும் நிக்கோலா சாக்கோவும்’ ஓவியத்தைச் சமூக யதார்த்தவாதத்தின் (எளியவர்கள் வாழ்க்கையையும் அவர்களுக்கு நேரும் அநீதியையும் வரையும் போக்கு) முக்கியப் படைப்பு என்கிறார்கள். எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். அழவில்லை, கத்தவில்லை, முஷ்டியை உயர்த்தவில்லை. போதாததற்கு இது பத்திரிகையில் வந்த போட்டோவைப் பார்த்து வரைந்ததாம். போட்டோவே இருக்கும்போது ஓவியம் எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 6, இரவு (பதில்)

போட்டோவில் நிறம் இல்லை. அங்கிருந்தே தொடங்கலாம். 1920களின் செய்திப்படம் கறுப்பு வெள்ளை. அச்சில் வரும்போது அது வெறும் புள்ளிகள். ஷானின் ஓவியத்தில் இருக்கும் ஒவ்வொரு நிறமும் அவராக எடுத்த முடிவு. முகத்துக்கு என்ன நிறம், கோட்டுக்கு என்ன நிறம், பின்னால் இருக்கும் வெற்றிடத்துக்கு என்ன நிறம் என்று எந்தப் போட்டோவும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ‘பார்த்து வரைந்தது’ என்று சொல்லி முடித்துவிட முடியாததற்கு இது ஒரு காரணம். மற்றதை நாளை எழுதுகிறேன்.

மே 7

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

1920 ஏப்ரல் 15 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் சௌத் பிரெயின்ட்ரீயில் ஒரு காலணித் தொழிற்சாலையின் சம்பளப் பணம் கொள்ளை போனது. 15,776 டாலர். பணத்தைக் கொண்டுவந்தவரும் காவலரும் தெருவில் சுடப்பட்டு இறந்தார்கள். மே 5 அன்று சாக்கோவும் வான்செட்டியும் கைதானார்கள். சாக்கோ காலணித் தொழிலாளி. வான்செட்டி தள்ளுவண்டியில் மீன் விற்றவர். இருவரும் 1908-இல் இத்தாலியிலிருந்து வந்தவர்கள், இருவரும் அராஜகவாதிகள், அதாவது அரசு என்ற அமைப்பே வேண்டாம் என்றவர்கள். பிடிபட்டபோது இருவரிடமும் கைத்துப்பாக்கி இருந்தது, போலீஸிடம் பொய்யும் சொன்னார்கள். 1921 ஜூலை 14 அன்று டெதாம் நீதிமன்றத்தில் ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் என்றது. ஆறு வருடம் மேல்முறையீடுகள் ஓடின. 1927 ஆகஸ்ட் 23, நள்ளிரவு தாண்டியதும் சார்ல்ஸ்டவுன் சிறையில் மின்சார நாற்காலி.

அதற்குள் வழக்கு உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பல நாடுகளின் தலைநகரங்களில் ஊர்வலம் நடந்தது. நீதிபதி வெப்ஸ்டர் தேயர் நீதிமன்றத்துக்கு வெளியே இந்த இருவரையும் கேவலமாகப் பேசினார் என்று பலர் சாட்சி சொன்னார்கள். ஆனாலும் மறுவிசாரணை கேட்டுப் போட்ட மனுக்களெல்லாம் அதே தேயரிடம்தான் போயின. அவர் ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்தார். ஒரு நீதிபதி நடுநிலையாக இருந்தாரா என்ற கேள்வியை அந்த நீதிபதியே விசாரிப்பது எப்படிச் சரியாகும்? இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஷான் இந்தத் தொடரை வரைந்தது 1931, 32-இல். மொத்தம் 23 சிறிய ஓவியங்கள். 1932 ஏப்ரலில் நியூயார்க்கின் டவுன்டவுன் கேலரியில் காட்டினார்கள். நாம் பேசுவது அவற்றில் ஒன்று.

மே 7, பிறகு

மேலே ஒருவர் ‘பிரம்மாண்டமான கேன்வாஸ்’ என்று எழுதியிருக்கிறார். இல்லை. இந்த ஓவியம் ஓரடி உயரம்கூட இருக்காது. தாளில் டெம்பராவால் (பசையில் குழைத்த வண்ணம்) தீட்டி அட்டையில் ஒட்டியது. நீங்கள் நினைப்பது விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கும் ஏழடி உயர ஓவியமாக இருக்கலாம். சவப்பெட்டிகளில் இருவரும் கிடக்க, மூன்று கனவான்கள் மேலே நிற்பார்களே, அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மே 9

பல வருடம் செய்தித்தாளில் பக்கம் கட்டும் வேலை பார்த்தவன் என்பதால் போட்டோ விஷயத்தை இன்னும் கொஞ்சம் பேச வேண்டும்.

கைதானவர்களின் படம் மேசைக்கு வரும்போது அது தனியாக வராது. இரண்டு பக்கமும் காக்கி நிற்கும், பின்னால் ஜீப்பின் கதவு தெரியும், ஒரு கை அவர் தோளை அழுத்திக்கொண்டிருக்கும். படத்தில் இருப்பவர் தலைகுனிந்திருப்பார், இல்லாவிட்டால் கண்ணைச் சுருக்கியிருப்பார். கண்ணைச் சுருக்கக் காரணம் வெயில்தான், அல்லது ஃப்ளாஷ். ஆனால் அச்சில் அது குற்றம் செய்தவன் முகமாக ஆகிவிடும். தலைப்பு அதன் தலையில் உட்கார்ந்ததும் முடிந்தது கதை. அதே ஆள் வேறொரு நாள் கல்யாண வீட்டில் எடுத்துக்கொண்ட படம் கையில் இருந்தாலும் மேசையில் யாரும் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். செய்திக்குப் பொருந்துகிற முகத்தைக் கை தானாகத் தேடும்.

ஷான் கையில் எடுத்ததும் அப்படிப்பட்ட செய்திப்படங்களைத்தான். பத்திரிகைத் துணுக்குகளும் துண்டுப் பிரசுரங்களும்தான் அவருக்கு மூலம். டெதாமில் கைவிலங்கோடு அருகருகே உட்கார்ந்திருக்கும் சாக்கோ, வான்செட்டி படத்தை அப்போது செய்தித்தாள் படித்த யாருக்கும் தெரிந்திருக்கும். அவர் அந்தப் படத்தைத் திரும்பச் செய்தித்தாளிடமிருந்து வாங்கிக்கொண்டார் என்றே நான் பார்க்கிறேன். தலைப்பு போய்விட்டது, பத்தி போய்விட்டது, அவசரம் போய்விட்டது. அன்றைக்கே படித்துத் தூக்கிப்போடுகிற தாளிலிருந்து இரண்டு பேரை எடுத்து, நின்று பார்க்க வேண்டிய தாளில் உட்காரவைத்தார்.

மே 10

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். ‘தலைப்பு போய்விட்டது’ என்று எழுதியதில் ஒரு சிறு திருத்தம். ஓவியத்துக்கும் தலைப்பு உண்டு, அது இருவரின் முழுப்பெயர். ‘கொள்ளையர்’ இல்லை, ‘தியாகிகள்’ இல்லை. இரண்டு பக்கத்துப் பட்டமும் ஒட்டாத வெறும் பெயர். உலகம் முழுக்கச் ‘சாக்கோ, வான்செட்டி’ என்ற வரிசையில் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியிருக்க, இவர் வான்செட்டியை முதலில் போடுகிறார். படத்தில் இடப்பக்கம் இருப்பவர் அவர், அடர்ந்த மீசையோடு. இடமிருந்து வலமாக யார் யார் என்று ஒரு குடும்பப் படத்துக்கு அடியில் எழுதுவோமே, அப்படி.

மே 13

இழையைத் தொடங்கியவர் மறுபடி கேட்டிருக்கிறார்: ‘சரி, ஆனால் எதிர்ப்பு எங்கே?’

கேள்வி நியாயமானது. என் பதில்: கூண்டில்.

மாசச்சூசெட்ஸில் அந்தக் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களை நீதிமன்றத்துக்குள் ஓர் இரும்புக் கூண்டில் உட்காரவைப்பார்கள். விசாரணை நடந்த அத்தனை வாரமும் இவர்கள் இருவரும் ஜூரியின் கண்முன்னால் கூண்டுக்குள் இருந்தார்கள். ஷானுக்கு அது நன்றாகத் தெரியும். 23 ஓவியங்களில் ஒன்று அந்தக் கூண்டைப் பற்றியதேதான். அந்தக் கூண்டை இந்த ஓவியத்தில் அவர் எடுத்துவிடுகிறார். கைவிலங்கை விட்டுவைக்கிறார். அதாவது, நடந்ததை அவர் மறைக்கவில்லை. ஆனால் கம்பிகளுக்கு நடுவே தெரிகிற முகத்தை நாம் எப்படிப் பார்ப்போம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜூரிக்குக் கிடைக்காத ஒரு பார்வையை நமக்குத் தருகிறார்.

முஷ்டியை உயர்த்தியிருந்தால் அது போஸ்டர். போஸ்டரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஷானே பின்னாளில் தொழிற்சங்கங்களுக்காக அருமையான போஸ்டர்கள் செய்தவர். ஆனால் போஸ்டர் நம்மைக் கூப்பிடும். இந்த ஓவியம் கூப்பிடாது. இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், நாமும் நிற்கிறோம்.

மே 13, இரவு

ஒரு சோதனை செய்து பார்த்தேன். என் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் இடது மணிக்கட்டையும் அவன் வலது மணிக்கட்டையும் ஒரு துண்டால் கட்டிக்கொண்டேன். அப்படியே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பது என்று முடிவு.

முதலில் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. என் தொடையில் வைத்தால் அவன் தோள் இழுபடுகிறது. அவன் தொடையில் வைத்தால் நான் ஒருபக்கமாகச் சாய வேண்டும். கடைசியில் நடுவில், பெஞ்சின் விளிம்பில், இரண்டு கைகளும் போய் நின்றன. அவன் மூக்கைச் சொறிய வலது கையைத் தூக்கினான், என் கையும் கூடவே போனது. பிறகு அவன் இடது கையால் சொறியக் கற்றுக்கொண்டான். தேநீர் வந்தபோது எனக்குச் சிரமமில்லை, என் வலது கை சும்மாதான் இருந்தது. அவன் இடது கையால் கோப்பையைப் பிடித்துத் தளும்பவிட்டான். அருகருகே உட்கார்ந்து கட்டும்போது ஒருவருக்கு எப்போதும் வலது கை போகும், மற்றவருக்கு இடது. சுமை சமமாக விழுவதில்லை. கொஞ்ச நேரத்தில் யாராவது அசைவதற்கு முன்னால் மற்றவனை ஒரு பார்வை பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பேசாமலேயே அனுமதி கேட்கிற மாதிரி.

இதைச் செய்த பிறகு ஓவியத்தைப் பார்த்தால், இரண்டு உடல்களும் தனித்தனியாக இல்லை. ஒருவர் அசைந்தால் மற்றவர் அசைய வேண்டும். முகங்கள் இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்கின்றன. உடல்கள் அப்படிச் சொல்லவில்லை. வழக்கும் அவர்களை இப்படித்தான் நடத்தியது. ஒருவர் மீதிருந்த ஆதாரம் மற்றவர் மீதும் போய் விழுந்தது. குண்டைப் பற்றிய வாதம் சாக்கோவின் துப்பாக்கியைப் பற்றியது. வான்செட்டியைக் கொலையோடு இணைத்தது அதைவிட எவ்வளவோ பலவீனமான சாட்சியம். தண்டனை இருவருக்கும் ஒன்றே.

மே 14

‘துண்டு வேறு, இரும்பு வேறு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். துண்டை எப்போது வேண்டுமானாலும் அவிழ்க்கலாம் என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தை எந்தச் சோதனையாலும் செய்து பார்க்க முடியாது.

மே 18

விலாங்கு மீன் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சௌத் பிரெயின்ட்ரீக்கு முன்னால் வான்செட்டி மீது இன்னொரு வழக்கு. 1919 டிசம்பர் 24 அன்று பிரிட்ஜ்வாட்டரில் நடந்த கொள்ளை முயற்சி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு இத்தாலியர்கள் வீட்டில் விலாங்கு சமைப்பது வழக்கம். அன்று பிளிமத் ஊரில் நான் வீடு வீடாக விலாங்கு விற்றுக்கொண்டிருந்தேன் என்பது வான்செட்டியின் வாதம். வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து சாட்சி சொன்னார்கள். கூடவே மீன் கொண்டுபோய்க் கொடுத்த 13 வயதுச் சிறுவனும் சொன்னான். அவர்களில் பலர் மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினார்கள். சிறுவன் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறான் என்று அரசு வழக்கறிஞர் காட்டிவிட்டார். ஜூரி யாரையும் நம்பவில்லை. 12 முதல் 15 வருடம் சிறை. நீதிபதி அதே தேயர். டெதாமில் கொலை விசாரணை தொடங்கும்போது வான்செட்டி ஏற்கெனவே தண்டனைக் கைதி.

1927-இல், எல்லாம் முடியும் தறுவாயில், 1919 டிசம்பரில் வான்செட்டி பெயருக்கு விலாங்கு அனுப்பியதற்கான பழைய ரசீது ஒன்றை வான்செட்டி தரப்பு வழக்கறிஞர்கள் தேடிப்பிடித்தார்கள். பயன் இல்லை.

ஷான் அந்தச் சாட்சிகளையும் வரைந்தார். ‘வான்செட்டியிடம் விலாங்கு வாங்கிய ஆறு சாட்சிகள்.’ தொடரிலேயே எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். வரலாறு எழுதுபவர்கள் ஆளுநரையும் நீதிபதியையும் எழுதுவார்கள். மீன் வாங்கியவர்களுக்கு ஒரு முழு ஓவியத்தை யார் ஒதுக்குவார்கள்? நான் வாங்கினேன், இவர்தான் விற்றார் என்று சத்தியம் செய்து சொல்லியும் நம்பப்படாதவர்கள் அவர்கள். சமூக யதார்த்தவாதம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் வரையறை சொல்வதை விட்டுவிட்டு இந்தத் தலைப்பைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

மே 19

இன்னொரு போட்டோ.

கொலை நடந்த 1920 ஏப்ரல் 15 அன்று தான் பாஸ்டனில் இத்தாலியத் துணைத் தூதரகத்தில் இருந்ததாகச் சாக்கோ சொன்னார். ஊருக்குத் திரும்ப பாஸ்போர்ட் வாங்கப் போயிருந்தார். கையில் கொண்டுபோனது குடும்பத்தோடு எடுத்த பெரிய படம். பாஸ்போர்ட்டுக்கு இவ்வளவு பெரிய படம் ஆகாது, சின்னதாகக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்தவருக்கு அந்த விஷயம் நினைவிருந்தது, அளவுக்கு மீறிய படத்தை யாரும் கொண்டுவருவதில்லை என்பதால். அந்த ஊழியர் இத்தாலிக்குத் திரும்பிவிட்டதால் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கி நீதிமன்றத்தில் படித்தார்கள்.

குடும்பத்தோடு சேர்ந்து உட்கார்ந்து எடுத்த படத்தை ஒருவர் அரசாங்க அலுவலகத்தில் நீட்டுகிறார். அது அங்கே செல்லாது. சில வருடம் கழித்து அவர் சங்கிலியில் உட்கார்ந்த படம் உலகம் முழுக்கச் செல்லுபடியாகிறது. ஷானின் ஓவியத்தில் குடும்பப் படத்தின் சாயல் இருக்கிறது என்று நான் மே 10 அன்று எழுதியபோது இது என் மனதில் இல்லை. இப்போது இரண்டையும் பிரிக்க முடியவில்லை. ஷான் இதை நினைத்து வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அப்படிச் சேர்ந்துவிட்டது.

மே 25

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: ‘சாக்கோ குற்றவாளிதான் என்று துப்பாக்கிச் சோதனை நிரூபித்துவிட்டதே. அப்படியானால் இந்த ஓவியம் பொய்தானே?’

ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை. 1961-இல் நடந்த சோதனையும் 1983-இல் நடந்த சோதனையும் காவலரைக் கொன்ற குண்டு சாக்கோவின் கோல்ட் (Colt) துப்பாக்கியிலிருந்து வந்தது என்றே சொல்லின. குண்டை இடையில் யாராவது மாற்றியிருக்கலாம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இருவரும் குற்றமற்றவர்கள், இருவரும் குற்றவாளிகள், சாக்கோ மட்டும் குற்றவாளி என்று மூன்று பக்கமும் தடித்த புத்தகங்கள் இருக்கின்றன.

இந்தக் கேள்வியோடு ஓவியத்தைத் திரும்பப் பார்த்தேன். நிறைய நேரம். ஷானின் அனுதாபம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஒரு சட்டகத்துக்குள் அவர் ‘இவர்கள் நிரபராதிகள்’ என்று சொல்லும் ஒரு கோடுகூடப் போடவில்லை. முகத்துக்குப் பின்னால் ஒளிவட்டம் இல்லை, வானத்தைப் பார்க்கும் கண் இல்லை. வழக்கு எப்படி முடிந்தாலும், நூறு வருடம் கழித்து எந்தச் சோதனை என்ன சொன்னாலும், இரண்டு பேர் ஒரே கைவிலங்கில் உட்கார்ந்து தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள் என்பது உண்மை. நேர்மையான விசாரணைக்கு அவர்களுக்கு உரிமை இருந்தது என்பதும் உண்மை. குற்றவாளிக்கும் அந்த உரிமை உண்டு. 1977-இல் மாசச்சூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் வெளியிட்ட அறிவிப்பும் கவனமாக இந்த இடத்தில்தான் நின்றது. அவர்கள் நிரபராதிகள் என்று அது சொல்லவில்லை. விசாரணை நியாயமாக நடக்கவில்லை, அவர்கள் பெயரில் ஒட்டிய களங்கம் நீங்க வேண்டும் என்றது.

மே 25, பிறகு

இதையும் சேர்க்க வேண்டும். விட்னியில் இருக்கும் பெரிய ஓவியத்துக்கு மேலே நான் சொன்ன பதில் பொருந்தாது. அது நேரடியாகக் குற்றம் சாட்டுகிறது. ஆளுநர் ஃபுல்லர் தண்டனையைக் குறைக்கலாமா என்று ஆராய மூவர் குழு அமைத்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் லோவல், எம்.ஐ.டி. தலைவர் ஸ்ட்ராட்டன், முன்னாள் நீதிபதி கிராண்ட். விசாரணை நியாயமாகவே நடந்தது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஷான் அவர்களைச் சவப்பெட்டிகளுக்கு மேலே லில்லிப் பூக்களோடு நிற்கவைக்கிறார். பின்னால் தேயர் கையை உயர்த்தியபடி. தலைப்பில் கிறிஸ்துவின் பாடுகளைக் குறிக்கும் சொல். இது பக்கம் சார்ந்த ஓவியம், சாட்டை.

அதை விரும்புகிறேன், ஆனாலும் உட்கார்ந்திருக்கும் இருவரிடம்தான் திரும்பிப் போகிறேன். பெரிய ஓவியத்தில் எனக்கு முன்னாலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. சின்ன ஓவியத்தில் எழுதப்படவில்லை.

மே 26

‘ஷான் லித்தோகிராஃப் (கல் அச்சு) தொழில் பழகியவரா’ என்று கேட்டவருக்கு: ஆமாம். ஷான் 1898-இல் இன்றைய லித்துவேனியாவின் கௌனஸில் பிறந்தவர், யூதக் குடும்பம். அப்பாவை ஜார் அரசு சைபீரியாவுக்கு நாடு கடத்தியது. 1906-இல் குடும்பம் நியூயார்க் வந்து சேர்ந்தது. பதின்வயதிலேயே லித்தோ அச்சகத்தில் தொழில் பழகினார். அங்கே கல்லில் எழுத்தைத் திருப்பி வரைய வேண்டும். கை நடுங்கினால் வேலை கெட்டது. அவருடைய கோடு எங்கிருந்து வந்தது என்றால் அங்கிருந்துதான். தயங்காது, ஆனால் வழவழப்பாகவும் இருக்காது. கல்லைக் கொத்திக்கொண்டே போகிற மாதிரி கொஞ்சம் முரடாக இருக்கும்.

வந்தேறிகளைச் சந்தேகத்தோடு பார்த்த அந்த வருடங்களில் வந்தேறியாக வளர்ந்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. 1927 ஏப்ரலில் தண்டனை வாசிப்பதற்கு முன் வான்செட்டி நீதிமன்றத்தில் பேசினார். நான் புரட்சிக் கருத்துடையவன் என்பதற்காகவும் இத்தாலியன் என்பதற்காகவும்தான் துன்பப்பட்டேன், உண்மையிலேயே நான் அந்த இரண்டும்தான் என்று சொன்னார். ஷானுக்கு அது தன் அப்பாவின் கதை மாதிரி கேட்டிருக்க வேண்டும்.

மே 30

இந்த ஓவியத்தைப் போஸ்டர் கலரில் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். விற்கவோ காட்டவோ இல்லை, பார்ப்பதற்கு அதுதான் எனக்குத் தெரிந்த வழி.

ஒளிநிழல் போடக் கை பரபரக்கிறது. கன்னத்தில் கொஞ்சம் இருட்டு, மூக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி, முகம் உருண்டு வந்துவிடும். ஷான் அந்த வசதியை எடுத்துக்கொள்ளவில்லை. நிறத்தைத் தட்டையாகப் பரப்பிவிட்டு அதன்மேல் கோட்டால் சொல்கிறார். கண்ணிமை, மீசை, கோட்டுத் துணியின் மடிப்பு, எல்லாம் கோடு. உருண்டு வந்த முகம் நமக்கு ஒரு மாயத்தைத் தரும்: இதோ உயிரோடு இருக்கிறார் என்று. தட்டையான முகம் அதைத் தராது. இது தாள், இவர்கள் போய்விட்டார்கள், நாம் பார்ப்பது மிச்சம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பிரதி எடுக்கும்போது ஒரு தடவை நிழல் போட்டுப் பார்த்தேன். இருவரும் நாடக நடிகர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

ஜூன் 2

தொழிலாளர்களைப் பற்றிய ஓவியம் பணக்காரர்கள் கைக்குப் போனது பற்றிய விவாதம் மேலே சூடாகப் போகிறது. இதில் உள்ள முரணை நானும் பார்க்கிறேன். இந்த ஓவியத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் பெரும் பணக்காரக் குடும்பத்தைச் சேர்ந்த ஆபி ஆல்ட்ரிச் ராக்ஃபெல்லர். தொடரைப் பார்த்து வியந்த மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா, 1933-இல் ராக்ஃபெல்லர் மையத்தின் சுவரோவியத்துக்கு ஷானை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். ரிவேரா அந்தச் சுவரில் லெனின் முகத்தை வரைந்தார். எடுக்கச் சொன்னார் ஆபியின் மகன் நெல்சன். ரிவேரா மறுத்தார். வேலை நின்றது, 1934 பிப்ரவரியில் சுவரோவியத்தையே உடைத்துப்போட்டார்கள். ஒரே குடும்பம். ஒரு கையால் சாக்கோ, வான்செட்டியைப் பாதுகாத்தது, இன்னொரு கையால் லெனினை இடித்தது.

‘அப்படியானால் அந்த ஓவியம் விலைபோய்விட்டது’ என்ற முடிவை மட்டும் நான் ஏற்கவில்லை. அருங்காட்சியகத்துக்குப் போகாமல் தனியார் வீட்டு அலமாரியில் இருந்திருந்தால் நீங்களும் நானும் இப்போது இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். 1932-இல் அதே அருங்காட்சியகம் சுவரோவியக் கண்காட்சி நடத்தியபோது சாக்கோ, வான்செட்டி வழக்கை வைத்து ஷான் செய்த சுவரோவிய வடிவத்தைத் தொங்கவிடக் கூடாது என்று நிர்வாகத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் தொங்கியது. யார் வாங்கினார்கள் என்பதைவிட, வாங்கியவர்களுக்கும் அது கொஞ்சம் உறுத்தியது என்பதுதான் எனக்கு முக்கியம்.

1956-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஷானை நார்ட்டன் உரைகள் என்ற சொற்பொழிவுத் தொடருக்கு அழைத்தது. தன் முன்னாள் தலைவர் லோவலைச் சவப்பெட்டி அருகே நிற்கவைத்தவரை. அவரும் போய்ப் பேசினார்.

ஜூன் 3

‘ஷானுக்குப் புகைப்படமே பிடிக்காதா’ என்று ஒரு கேள்வி. இல்லை, ஷான் புகைப்படத்தை வெறுக்கவில்லை. தானே புகைப்படம் எடுத்தவர். புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸோடு ஒரே ஸ்டூடியோவில் இருந்திருக்கிறார். 1935 முதல் அரசாங்கத்துக்காகக் கிராமப்புற வறுமையைப் படம் எடுக்க ஊர் ஊராகச் சுற்றினார். லைக்கா கேமராவில் பக்கவாட்டில் பார்க்கும் கோணக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொள்வார். அவர் வேறு எங்கோ பார்ப்பது போல இருக்கும், படம் இந்தப் பக்கம் விழும். எதிரில் இருப்பவர் முகத்தைத் தயார் செய்துகொள்ள நேரமிருக்காது.

சாக்கோவும் வான்செட்டியும் அதற்கு நேர் எதிர். தங்களைப் படம் எடுப்பது அவர்களுக்குத் தெரியும். பல வருடமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களில் இருப்பது கேமராவுக்குப் பழகிப்போனவர்களின் அமைதி. இதை நான் முதலில் பொறுமை என்று நினைத்தேன். இப்போது களைப்பு என்று படுகிறது. நாளைக்கு வேறு ஏதாவது படலாம்.

ஜூன் 9

‘இதையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது’ என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன ஓவியம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பு. தாள் ஓவியம் என்பதால் எப்போதும் சுவரில் இருக்காது, போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சவப்பெட்டி ஓவியம் அதே நகரில் விட்னியில். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு கட்டடச் சுவரில் 1967-இல் ஷான் வடிவமைத்த பெரிய மொசைக் இருக்கிறது, இதே வழக்குதான், 60 அடி நீளம். அது வெளிச்சுவர், டிக்கெட் வேண்டாம். நியூஜெர்சியின் ரூஸ்வெல்ட் என்ற சிற்றூரில் 1930களில் அவர் தீட்டிய சுவரோவியத்திலும் இந்த இருவரின் சவப்பெட்டிகள் உண்டு. புதிதாக வந்து இறங்கும் வந்தேறிகள் அவற்றைக் கடந்து நடக்கிறார்கள், முன்வரிசையில் ஐன்ஸ்டைன்.

நேரம் குறைவு என்றால் சின்னதை மட்டும் பாருங்கள். முதலில் முகங்களைப் பார்க்காதீர்கள், கைகளிலிருந்து மேலே போங்கள்.